கண்டாக்கையா அளந்த மரம்

தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே சரிவில் நின்ற டர்பன்டைன் மரம் அறுபது அடிதான் என்று தேயிலைத் தோட்டத்து மேற்பார்வை உத்தியோகத்தரான கண்டாக்கு அம்பலவாணர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். லயமோ எழுபது அடிக்கு அப்பால். ஆகவே வெட்டுகிற அன்று லயத்து அறைகளான காம்பராக்களைக் காலி செய்யத் தேவையில்லை. வேலை கெடாதென்று தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரைக்கு ஏக மகிழ்ச்சி.

அளந்தது ஊரறிய நடந்தது. மேல் றோட்டில் நின்று, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த முக்கோண மூலைமட்டத்தைக் கண்ணருகே பிடித்து, அதன் சாய்ந்த விளிம்பும் மர உச்சியும் ஒரே நேராக வரும்வரை பின்னால் நடந்தார்.

"செங்கோண முக்கோணம். குத்துப் பக்கமும் கிடைப் பக்கமும் சமன். நான் நிக்கிற தூரம்தான் மரத்தின்ர உயரம்."

கோடாலிக்காரர்கள் பூசாரிக்குத் தலையாட்டுவதுபோல் ஆட்டினார்கள். கீழே நின்றும் அளந்திருக்கலாம். ஆனால் அங்கே சேறு, அட்டை. போதாததற்கு, லயத்துப் பக்கம் கால் வைப்பது உத்தியோகத்துக்கு அழகா?

மறுநாள் வெட்டு. மேலே றோட்டு, இருபுறமும் இளந்தேயிலை. செடி நசுங்கினால் துரை பொறுக்கமாட்டார். மரத்தை லயத்துப் பக்கமாகத்தான் சாய்க்க வேண்டும். லயத்துச் சனம் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தது. கடைசிக் காம்பராவில் மட்டும், பிள்ளை பெற்று மூன்றே நாளான மீனம்மா படுத்திருந்தாள்.

பாதிக்கு மேல் வெட்டானதும் சின்னத்துரை மரத்தடிக்கு இறங்கினார். துரை இறங்கிய பிறகு கண்டாக்கு மேலே நிற்கலாமா? அம்பலவாணரும் இறங்கி அண்ணாந்து பார்த்தார். நேற்று அவர் நின்ற றோட்டு, தலைக்கு எவ்வளவோ மேலே, மரத்தின் முதல் கிளையோடு சமமாக ஓடியது.

சமநிலத்துக் கணக்கை மலைச்சரிவில் போட்டிருக்கிறார். மரத்தின் இடுப்புக்கு மேலேதான் அளந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே உள்ளது கணக்கிலேயே வரவில்லை.

பிழை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பக்கத்தில் துரை.

"நிப்பாட்டுங்கோ! ராகு காலம்!"

கோடாலியோடு நின்ற செல்லசாமி பல்லைக் காட்டினான். "அது அப்பவே போயிருச்சுங்கய்யா. ராகு, கேதுவெல்லாம் மடத்தனம்னு நீங்கதான சொல்லுவீங்க?"

கூட்டம் சிரித்தது. அதற்குள் மரம் கிறீச்சிட்டது. சிரிப்பு பட்டென்று நின்றது.

"இனி நம்ம கையில இல்லீங்க! எந்நேரமும் விழும்!" என்று கத்தினான் செல்லசாமி.

அம்பலவாணர் ஓடினார். சேறு காலிலிருந்து ஒரு சப்பாத்தை வாங்கிக்கொண்டது. கடைசிக் காம்பராவின் கதவை உதைத்துத் திறந்தார்.

"எழும்பு பிள்ளை! மரம் விழப்போகுது!"

இருட்டுக்குள்ளிருந்து மீனம்மாவின் குரல் சாவகாசமாக வந்தது. "இங்கிட்டு விழாதுங்க. கண்டாக்கையா அளந்து பார்த்துட்டாங்களாம்."

"நான்தான் அந்தக் கண்டாக்கு! கணக்குப் பிழை. என்ர பிழை!"

சொல்லிக்கொண்டே பிள்ளையை வாரி எடுத்தார். பிள்ளை போன பிறகு தாய் படுத்திருப்பாளா? சுவரைப் பிடித்துக்கொண்டு அவளும் வெளியே வந்தாள். லயத்தின் மறுகோடியை எட்டும்போது பின்னால் இடிபோல் ஒரு சத்தம். திரும்பினார்கள். கடைசிக் காம்பராவின் கூரைத் தகரத்தை மரத்தின் தலை தரையோடு அழுத்திக்கொண்டு கிடந்தது.

சின்னத்துரை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"நல்ல முன்யோசனை, கண்டாக்கு!"

அம்பலவாணரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"யெஸ் சார்."

மீனம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"புள்ளயக் குடுங்கய்யா. நிமிர்ற நிமிர்வுல கீழ விட்டுறப் போறீங்க."