காக்கிறவளின் பெயர்

டிராமின் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருக்கிறது, எதிரில் நிற்பவனின் வாய் திறந்து மூடுகிறது, உன் நாட்டுக்கே போ என்கிறான், போலந்தின் கிராக்கோவுக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே போலிஷில் அந்தச் சொற்கள் எனக்குப் பழகிவிட்டிருந்தன, ஆனால் இவன் என் தோளைப் பிடித்துத் தள்ளுகிறான், ஏழு மாத வயிற்றை இரண்டு கைகளாலும் மூடிக்கொள்கிறேன், சுற்றிலும் எல்லோரும் கைபேசிக்குள் குனிந்திருக்கிறார்கள், நிறுத்தமே இல்லாத இடத்தில் டிராம் நிற்கிறது, ஓட்டுநர் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வருகிறாள், ஐம்பது வயதிருக்கும், என் தோள் உயரம்கூட இல்லை, எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்று, நீ இறங்கினால்தான் வண்டி நகரும் என்கிறாள், அவன் அவளையும் திட்டுகிறான், அவள் அசையவில்லை, பின்னிருக்கையிலிருந்து ஒருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர், கடைசியில் அவன் இறங்கிப் போனான், அதற்கப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது, அத்தனையும் கோபம்.

உங்கள் பெயர் என்ன என்று அரைகுறைப் போலிஷில் கேட்டேன், ப்ரோனிஸ்வாவா என்றாள், பழங்காலத்துப் பெயர், இப்போது யாரும் வைப்பதில்லை, பள்ளியில் என்னைக் கிழவி என்றுதான் கூப்பிட்டார்கள் என்று சிரித்தாள், எங்கள் முன்னோர் இரண்டு சொற்களை ஒட்டிப் பெயர் வைப்பார்கள், ப்ரோனி என்றால் காப்பது, ஸ்வாவா என்றால் புகழ், புகழ் எனக்கு வாய்க்கவில்லை, பாதிப் பெயரோடு காலம் தள்ளுகிறேன், சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போய்விட்டாள், வீடு வரைக்கும் அந்தப் பெயரை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன், அன்று தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியவில்லை, எங்கள் ஊர் வயலோரத்துக் காத்தாயி அம்மன் தன் கோயிலைவிட்டு வந்து, தண்டவாளத்தின் நடுவில் சிவப்புச் சேலையோடு நிற்கிறாள், அவள் தலையெல்லாம் பனி.

மகள் பிறந்தாள், பெயர் வைக்கும் நாளில் என் கணவர் இளம்பரிதி கைபேசியைக் குழந்தையின் காதருகே பிடித்திருக்கிறார், மன்னார்குடியிலிருந்து மாமியார் எண்கணிதம் பார்த்து எடுத்த ஹர்ஷிகா என்ற பெயரை மூன்று முறை சொல்லப்போகிறார், வேண்டாமென்று நான் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, அம்மா மனசு நோகும்டி, அதுவுமில்லாம நீ சொல்ற டிராம்காரம்மா பேரைக் கேலி பண்ணுவாங்கன்னு அந்தம்மாவே சொல்லுச்சே, என்கிறார் இவர், பண்ணட்டுங்க, பண்றவனை இறக்கிவிட இவளுக்குத் தெரியும், என்று கைபேசியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, குனிந்து மகளின் காதில் நானே சொன்னேன், ப்ரோனிஸ்வாவா, ப்ரோனிஸ்வாவா, ப்ரோனிஸ்வாவா.

அந்தப் பக்கத்திலிருந்து மாமியார், என்னடி பேரு இது, வாயிலயே நுழையலையே, என்றார், சொல்லச் சொல்ல நுழையும் அத்தை, ஊருல சிரிப்பாங்கடி, சிரிக்கட்டும் அத்தை, அர்த்தமாவது இருக்கா, இருக்கு, நம்ம காத்தாயி மாதிரிதான், காக்கிறவ. காக்கிறவளா, என்கிறார் மாமியார், சரி, இன்னொரு தடவ சொல்லு, மெதுவாச் சொல்லு, பக்கத்துல உன் நாத்தனா உக்காந்திருக்கா, கேட்டா சிரிப்பா, என்றார், நான் மெதுவாகச் சொல்லவில்லை, மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி முழுப்பெயரையும் சொன்னேன்.