எச்சரிக்கைகள் இல்லை

"எச்சரிக்கைகள்: இல்லை. பணி முடிந்தது." திரையில் பச்சை நிறத்தில் அந்த வரி வந்ததும் அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கான மாதிரிக் கணினி நிரல் அது. பிழைகளை அவளே தன் கையால் அதற்குள் ஒளித்துவைத்திருந்தாள். அவற்றில் சிலவற்றைத் திருத்துவதற்குள் யாருக்கும் நாக்குத் தள்ளிவிடும். அவள் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் எல்லாம் சரியாகிவிட்டதாம்.

கையேடுகளுக்கு மதிப்பெண் போடுவது அவள் வேலை. நிரலில் உள்ள பிழைகளைத் தேடி எச்சரிக்கும் கருவி ஒன்றை அந்த அலுவலகம் செய்து விற்கிறது. முன்பு அதை மனிதர்கள் இயக்கினார்கள். இப்போது இயக்குவது ஏஜெண்டுகள், செயற்கை நுண்ணறிவு வேலைக்காரர்கள். அதன் கையேட்டைப் படிப்பதும் அவைதான். அதனால் அவள் படித்துப் பார்த்து மார்க் போடுவதில்லை. ஒன்றும் தெரியாத புது ஏஜெண்டிடம் கையேட்டை மட்டும் கொடுத்து, பிழையுள்ள நிரலோடு உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். கேள்வி கேட்க முடியாது. சோதனையின் முதல் ஓட்டம்தான் கணக்கு என்பது விதி.

நிரலைத் திறந்து பார்த்தாள். ஏஜெண்டு எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பிறவி. சின்னப் பிழைகளை ஒழுங்காகத்தான் திருத்தியிருந்தது. கஷ்டமானவற்றின் தலையில் மட்டும் ஒரு குறி: இந்த வரியைச் சோதிக்காதே. கருவியும் சமர்த்தாக அந்த வரிகளைத் தாண்டிப் போயிருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்களே, அதே கதை. அளவு முடிந்த பிறகும் மருந்தை நிறுத்தாத பிழை, குறிக்குக் கீழே பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

ஏஜெண்டைச் சொல்லிக் குற்றமில்லை. எச்சரிக்கைகள் நீங்கும்வரை திருத்துக என்றது கையேட்டின் ஒரு பக்கம். அந்தக் குறியை எப்படிப் போடுவது என்று அழகான உதாரணத்தோடு விளக்கியது அடுத்த பக்கம். எப்போது போடக் கூடாது என்று எங்குமே இல்லை.

கையேட்டை எழுதியவர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் அவருக்குச் சோறு இறங்காது என்பதால் அலுவலகத்துக்கே அவர் காற்புள்ளி அண்ணன். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலாளர் கூட்டத்தில் அவளை வறுத்தெடுத்தபோது, சம்பந்தமில்லாத கேள்வியாகக் கேட்டு நேரத்தைத் தின்று காப்பாற்றிய மனிதர். எந்த வேலைக்கும் முதல் ஆளாக வருவார். சமையலறையில் யாராவது ரொட்டி வாட்டினால் போதும், புகைமணி அலறும். போன வாரம் நாற்காலி மேல் ஏறி அதன் வாயில் டேப்பை ஒட்டியதும் அவர்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும்தான்.

இந்தக் கையேடு தேறினால் கையேடு எழுதுகிறவர்கள் வேலையில் இருப்பார்கள், தேறாவிட்டால் ஏஜெண்டுக்கு வேண்டியதை ஏஜெண்டே எழுதிக்கொள்ளட்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் அது தெரியும்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"மருந்து ஏத்துற இடத்துல போய் எவனாவது இதைப் போடுவானாம்மா? மனுஷன் படிச்சா புரியுமே."

"படிக்கிறது மனுஷன் இல்லையே அண்ணா."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஒரே ஒரு வரிதான். இப்பவே சேத்துடறேன். நீ இந்த ஓட்டத்தை அழிச்சிட்டு இன்னொண்ணு ஓட்டிடு. யாருக்குத் தெரியப் போகுது." குரல் இறங்கியது. "பொண்ணு இப்பத்தாம்மா காலேஜ்ல சேந்திருக்கா."

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். அழிக்க ஒரு பொத்தான் போதும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் சின்னப் பூசணிக்காய்தானே என்றது மனசு. அவர் அந்த வரியை நன்றாகவே எழுதுவார். ஆனால் மனிதன் படிப்பான் என்று நம்பி அவர் எழுதாமல் விட்ட வரிகள் இன்னும் எத்தனையோ. இந்த ஓட்டத்தை அழித்துவிட்டால் அவற்றை யாரும் தேடப் போவதில்லை. எல்லாம் தெரிந்தும் அழித்துவிடத்தான் ஆசையாக இருந்தது. அந்த ஆசை அவளைப் பயமுறுத்தியது.

"சரி அண்ணா" என்றாள்.

அவர் திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "டீ எடுத்துட்டு வரேன்" என்று சமையலறைப் பக்கம் போனார். அவள் பொத்தானைத் தொட்டாள். நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்டது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அடுத்து, அலுவலகமே அதிர மணி அலறியது.

"யாருப்பா அது, முதல்ல அதை நிறுத்துங்க" என்றது மேலாளரின் அறை.

கேள்வியைத் திரையிலேயே விட்டுவிட்டு அவள் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தாள். யாரோ மறந்துவிட்டுப் போன ரொட்டி அடுப்பில் கருகிக்கொண்டிருந்தது. அண்ணன் நாற்காலி மேல் நின்றிருந்தார். மணியின் வாயிலிருந்து பிய்த்த டேப் அவர் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினார், விழவில்லை. மற்ற கையால் இழுத்தார், அது அந்தக் கைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.