ஊஞ்சலுக்கு முந்தின பக்கங்கள்

அம்மா இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பேச்சை எடுப்பதில்லை. அப்பா வாயே திறக்க மாட்டார். அத்தை பேச்சை மாற்றிவிடுவாள். சுவரிலிருந்த படம்கூட, தூசி படிகிறது என்று பீரோவுக்குள் போய்விட்டது.

பத்து வயது மகளுக்குப் பள்ளி நூலகத்தில் ஒரு நாவல் கிடைத்தது. தாயை இழக்கும் இரண்டு பிள்ளைகளின் கதை. அட்டை கிழிந்திருந்ததால், பைண்டிங் கடை வைத்திருக்கும் அப்பாவிடம் கொடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலப் புது அட்டையோடு திரும்பி வந்தது.

பாதிக் கதையில் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். பக்கத்தைத் திருப்பினால் பிள்ளைகள் ஊஞ்சலாடுகிறார்கள். அம்மா போய்ப் பல மாதமாம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதுகளும் பிள்ளைகளா என்று திட்டியபோதுதான் பார்த்தாள், பக்க எண்கள் தாவியிருந்தன. ஆனால் கிழிசல் இல்லை, தையல் அத்தனை சுத்தம். அப்படித் தைக்கிற கை அவள் அறிந்து ஒன்றுதான்.

நேரே கடைக்குப் போனாள். அப்பா முதலில் மழுப்பினார். பிறகு, பதினாறு பக்கம் சேர்ந்த மடிப்பான ஃபாரம் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்ததாக ஒப்புக்கொண்டார். அது கழிவுத் தாளோடு போய்விட்டதாம்.

"நீ தாங்க மாட்டேன்னு..."

"யாரு தாங்க மாட்டா? நானா, நீங்களா?"

டிபன் கேரியரோடு வந்த அத்தை, முளைத்து மூன்று இலை விடவில்லை, அதற்குள் இந்த வாயா என்று அதட்டினாள்.

"நீங்க சும்மா இருங்க அத்தை. அம்மான்னு சொன்னாலே சோத்தைப் போட்டு வாயை அடைக்கிறீங்க. நான் குண்டானதுதான் மிச்சம்."

அத்தைக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"படிச்சுட்டுத்தானே பிரிச்சீங்க? அதுல என்ன இருந்துச்சு, சொல்லுங்கப்பா."

அப்பா ஊசியைக் கீழே வைத்தார். அந்த அம்மா பிள்ளைகளைப் பார்க்கக் கேட்டாளாம். பயந்துவிடுவார்கள் என்று அவர்களின் அப்பா கூட்டிப் போகவில்லையாம்.

மகள் அவரையே பார்த்தாள். "என்னையும்தான் நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலை. அம்மா கேட்டாங்களா?"

"தினமும் கேட்டா."

அவள் முகம் சிவந்தது. புத்தகத்தை மேசைமேல் ஓங்கி வைத்தாள். அவருக்கு முதுகைக் காட்டித் தாள்கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னென்ன கேட்டாங்கன்னு சொல்லுங்க. ஒண்ணு விடக்கூடாது."