மகாராணியின் மெல்லிய கம்பளி

ஆட்டுக் கம்பளி எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்று ஆராய்கிறவளுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை தெரிந்ததுதான். "என் தலையையும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணேன், நாலு முடி மிச்சம் இருக்கும்போதே," என்பான் கணவன். அவளுக்குச் சிரிக்கவும் தெம்பிருக்காது.

பண்ணையிலேயே மெல்லிய கம்பளி ஒரு பெட்டை ஆட்டுக்குத்தான். அதற்கு மகாராணி என்று பெயர் வைத்து, அந்த மென்மைக்கு எந்த மரபணு காரணம் என்று ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அது ஈன்ற குட்டிகளைத் தனியே வைத்து ஊட்டி ஊட்டி வளர்த்தார்கள். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் முரட்டுக் கம்பளி. அவள் பழியைக் கிடாக்கள் மேல் போட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

போன மாதம் மகாராணிக்குக் குளம்பில் புண். தனிக்கொட்டிலில் விட்டுத் தனித்தொட்டியில் தீவனம் வைத்தார்கள். இன்று காலை அதன் கம்பளி இழை ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பழைய நுனி மெல்லிசு, புதிதாக வளர்ந்த அடி தடிமன். ஒரே ஆடு, ஒரே இழை. மரபணு நடுவழியில் மாறாது, மாறியது சாப்பாடு. மந்தையில் மற்ற ஆடுகள் அதைத் தொட்டிப் பக்கம் அண்டவே விட்டதில்லை. அடர்ந்த கம்பளிக்குள் எலும்பு யார் கண்ணுக்கும் படவில்லை. பசியில் மெலிந்ததைப் பரம்பரைச் சொத்து என்று கொண்டாடியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

பண்ணையின் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள்.

"வேற யாருக்கும் தெரியாதே?"

"தெரியாது சார்."

"நல்லதாப் போச்சு. புண்ணு ஆறிடுச்சுல்ல, பழையபடி மந்தையில விட்டுடும்மா. மறுபடி மெல்லிசா ஆயிடும். நமக்கும் இன்னும் மூணு வருஷம் வேலை ஓடும்."

வாதாடத் தெம்பில்லை. வேலை போனால் வீடு எப்படி ஓடும் என்ற பயமும் இருந்தது. "சரி சார்" என்றுவிட்டாள்.

கொட்டில் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். மகாராணி வெளியே நின்ற மந்தையைப் பார்த்தது. பிறகு தொட்டிக்குள் தலையை விட்டு அவசர அவசரமாகத் தின்னத் தொடங்கியது, அடுத்த வேளை கிடையாது என்று தெரிந்த மாதிரி.

அவள் கதவைச் சாத்தினாள். இன்னொரு கூடை தீவனம் கொண்டுவந்து கொட்டிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு மறுபடி இயக்குநர் அறைக்குப் போனாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன் சார்."

"அப்புறம் நம்ம வேலை?"

"போனாப் போகுது சார். இனிமே அதைப் பட்டினி போட என்னால ஆகாது."