கை கட்டி உட்காரும் பிள்ளை

என் மகள் ஒடெட்டுக்குக் காது கேட்காது. பேச்சும் வரவில்லை. ஆனாலும் அவளைப் போல ஒரு வாயாடி இந்தச் சைகோன் பட்டணத்திலேயே கிடையாது. எல்லாம் கையால்தான். காதுத் தோட்டைத் தொட்டால் அம்மா. மூக்குக்குக் கீழே விரலை முறுக்கினால் அப்பா. கன்னத்தை உப்பி ஊதிக் காட்டினால் சூடான சூப். வாசலில் காவடி தூக்கிச் சூப் விற்க வரும் இந்த ஊர் அன்னாமியப் பெண் வரைக்கும் அந்தப் பாஷை தெரியும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாது.

அவர் பெயர் அகுஸ்தேன். காரைக்காலிலிருந்து இங்கே சுங்க அலுவலகத்துக்குக் குமாஸ்தாவாக வந்தவர். அவருடைய அப்பா காலத்திலேயே நம்மூர்ச் சட்டம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக்காரர் ஆன குடும்பம். அதனால் பிள்ளையிடம் தமிழ் பேசக்கூடாது என்று வீட்டில் சட்டம். காதே கேட்காத பிள்ளையிடம் எந்தப் பாஷையில் பேசினால் என்ன? கேட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவளைக் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். தலைமைக் கன்னியாஸ்திரியை எல்லாரும் மா மேர் என்று கூப்பிடுவார்கள். நல்ல மனுஷிதான். ஒடெட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும். மற்ற பிள்ளைகள் எப்படியோ, இவளும் அப்படியே," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு பெரிய வார்த்தை!

மற்ற பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. எழுதாத நேரமெல்லாம் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டி உட்கார வேண்டும். அதுதான் அங்கே ஒழுக்கம். மற்ற பிள்ளைகளுக்குக் கையை மட்டும் கட்டினார்கள். என் பிள்ளைக்கு அதோடு வாயையும் கட்டிவிட்டார்கள்.

ஒடெட் கையைப் பிரித்துப் பிரித்துப் பேசினாள். இன்னொரு முறை வகுப்பைக் கலைத்தால் வைத்துக்கொள்ள முடியாது என்று மா மேர் சொல்லி அனுப்பினார்.

"இங்க முடியலேன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் ஊமைப் புள்ளைங்க மடத்துல விட்டுடுவேன்," என்றார் அகுஸ்தேன். "வருசத்துக்கு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வா."

"பெத்தவ நான் உசுரோட இருக்கறப்பவா?"

"அப்ப அவளக் கையக் கட்டிக்கிட்டு இருக்கச் சொல்லு."

நானே கட்டினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, அந்தச் சின்னக் கைகளை மடக்கி மடக்கிப் பழக்கினேன். கையை உருவிக்கொண்டு என் தோட்டைத் தொட வருவாள். நான் பிடித்து மறுபடியும் கட்டுவேன்.

பழகிக்கொண்டாள். கொஞ்ச நாளில் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டாள். சூப்காரி வந்து கன்னத்தை உப்பிக் காட்டினாலும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். ஒரு சனிக்கிழமை சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டு வந்தாள். வகுப்பிலேயே அடக்கமான பிள்ளைக்குக் கொடுப்பதாம். அகுஸ்தேன் அவளைப் பெரிய கடைத்தெருவான கத்தினா தெரு முழுக்க நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார்.

திங்கட்கிழமை பொறுக்க முடியாமல் பள்ளிக்கூடத்துக்கே கிளம்பிப் போனேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். மடமாவது மண்ணாங்கட்டியாவது, வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொள்கிறேன், எப்படிக் கொண்டுபோகிறார் பார்ப்போம்.

புளியமரத்தடியில் நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எல்லாரும் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒடெட் கடைசி பெஞ்சில் இருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன்.

சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தாள். அவள் கால் பேசிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் தட்டுகிறது, குதிகால் உரசுகிறது, பாதத்தின் மேல் பாதம் ஏறி இறங்குகிறது. பக்கத்தில் இருந்த பட்டாளத்துக்காரர் மகள் அந்துவானேத்தும் வெறுங்காலால் பதில் சொல்லிக்கொண்டு, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். முன் பெஞ்சிலிருந்து இன்னொரு கால் பின்னால் நீண்டு வந்து சேர்ந்துகொண்டது.

"என்ன விஷயம், மதாம்?" என்று மா மேர் ஜன்னலுக்கு வந்தார். அவர் திரும்பி அந்தக் கால்களைப் பார்த்துவிட்டால் எல்லாம் போயிற்று.

"குடையை மறந்துட்டாளோன்னு வந்தேன்," என்றேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மா மேர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை. என் பிள்ளை ஊமையாகிவிடவில்லை. மடத்துக்கும் போக வேண்டாம். இனி எங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். ஒடெட் கையைக் கட்டிக்கொண்டு சூப் ஆறக் காத்திருந்தாள்.

"பாத்தியா, என்னா அடக்கம்!" என்றார் அகுஸ்தேன். "இனிமே நம்ம புள்ளையும் எல்லாரையும் போலத்தான்."

நான் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றினேன். காலை நீட்டி, கட்டைவிரலால் அவள் பாதத்தை மெல்லத் தட்டினேன்.

ஒடெட் திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வெடுக்கென்று இரண்டு காலையும் இழுத்து நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, கட்டிய கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கையைக் கட்டிய அம்மா, இப்போது காலையும் கட்ட வந்துவிட்டாள் என்று பயந்துவிட்டாள் என் பிள்ளை.