குடைச் சின்னத்துக்காரி

மலாக்காவின் காஜா பெராங்கில் அந்த நாளில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் உலகத்தில் முதன்முதலாகப் பார்த்தது சந்திரமதியின் முகத்தைத்தான். கன்னங்கரேலென்ற முகம். அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் வீறிட்டு அழுகின்றன என்பது தமிழர் சங்கத்துச் செயலாளர் கருணாகரனின் நகைச்சுவை. சங்கத்தில் எல்லோரும் அதற்குச் சிரிப்பார்கள். சங்கத்தில் பெண்கள் கிடையாது.

நகரசபையில் மருத்துவச்சியாகச் சேர்ந்த முதல் தமிழ்ப் பெண் அவள். பதினான்கு வருஷ வேலை. சந்திரமதி என்ற பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். தமிழர் வீடுகளில் அவள் கறுப்பு மிஸ்ஸி. தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு மலாய் பேசுகிற சிட்டிகளின் கம்பத்துக் குடியிருப்பில் மிஸி ஹித்தாம். அதுவும் அதே கறுப்புதான். அவளுக்கு வருத்தமில்லை. இடுப்பு வலியில் கூப்பிடுகிறவளுக்கு வார்த்தை தேட ஏது நேரம்?

நகரசபை கொடுத்த சைக்கிளில், பின்னால் தோல் பையைக் கட்டிக்கொண்டு வருவாள். சந்து முனையில் மணிச்சத்தம் கேட்டால் போதும், யார் வீட்டில் பிரசவம் என்று வாசலுக்கு வாசல் தலைகள் எட்டிப் பார்க்கும்.

அவள் பயப்பட்டது ஒன்றுக்குத்தான்: போட்டோவுக்கு. கல்யாண வயதில் அவள் அப்பா தம்பிராஜா அவளை ஜொங்கர் தெரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். அங்கே நெகட்டிவில் பென்சிலை ஓட்டி முகத்தை வெளுப்பாக்கித் தருவார்கள். பெண் வைத்திருந்த எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அது தெரியும். இருந்தாலும் எத்தனை பென்சில் தேய்ந்தது என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மூன்று முறை வந்தார்கள். காகிதத்தைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்கள், காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது காப்பிக்குப் பிறகு சந்திரமதி அந்தப் படத்தை அடுப்பில் போட்டாள். இனி படமே எடுப்பதில்லை என்று சபதம். மருத்துவச்சிப் பயிற்சிக்கு மனுப்போட்டது அடுத்த வாரம்.

மெர்டேக்கா வந்த வருஷம், ஒரே சந்தில் மூன்று குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தன. மூன்றும் அவள் கையில் பிறந்தவை. சந்துக்குக் குழாய் கிடையாது. சாக்கடையை ஒட்டி ஒரு கிணறு. அதை மூடிவிட்டுக் குழாய் போடச் சொல்லி அவள் பதினோரு கடிதம் எழுதினாள். பதினோரு முறையும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. நாடு சுதந்திரம் வாங்கியும் அந்தப் பதில் மாறவில்லை, கையெழுத்துதான் மாறியது.

“எழுதுறவளுக்குக் குழாய் வராது. சபைக்குள்ள உக்காந்து கையத் தூக்குறவனுக்குத்தான் வரும்” என்று சொல்லிவிட்டு நகரசபைத் தேர்தலில் நின்றாள். நகரசபைச் சம்பளக்காரர்கள் நிற்கக்கூடாது என்று சட்டம். வேலையை விட்டாள். ராஜினாமாவை ஏற்றுக்கொள்ள நகரசபைக்கு ஒரே நாள்தான் ஆயிற்று. சைக்கிளைத் திரும்பப் பெற ஆள் அனுப்பத்தான் நேரமில்லை.

சங்கம் அவளை ஆதரித்தது. மலாக்காவில் முதல் தமிழ்ப் பெண் வேட்பாளரை நிறுத்திய சங்கம் என்று பெயர் வருமே. எதிரில் நின்றவர் அரிசிக்கடை முதலாளி கலியாணசுந்தரம். சின்னத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். சந்திரமதி சைக்கிள் கேட்டிருந்தாள். சைக்கிள் முதலாளிக்குப் போயிற்று, அவளுக்குக் குடை வந்தது.

“குடையும் நல்ல சின்னந்தான் மிஸ்ஸி” என்றார் கருணாகரன். “வெயிலுக்கு ஆவும்.”

“இதுக்கு மேல கறுக்க என்ன இருக்குன்னு நான் குடை பிடிக்கிறதில்ல, கருணா.”

செயலாளர் சிரிக்கவில்லை. அந்த மாதிரி நகைச்சுவை செய்வது அவருடைய இலாகா.

பெண் வேட்பாளர் வீடு வீடாக அலைந்தால் சங்கத்தின் கௌரவம் என்னாவது என்று, அலைகிற வேலையை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆண்கள் ஆண்களிடம் பேசினார்கள். சந்திரமதி வழக்கம்போலப் பெண்களைப் பார்த்தாள். பிள்ளை பெற்றுக் கிடக்கிறவளிடம் ஓட்டுக் கேட்பது அவளுக்குக் கூசியது. “நான் நிக்கிறேன், பாத்துக்குங்க” என்பாள். அவ்வளவுதான். எந்தச் சின்னம் என்று அவளும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தன்னைத் தெரியாதவர்களா என்று நினைத்தாள். அந்தத் தேர்தலில் அவள் காட்டிய ஒரே கர்வம் அது.

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கையில் சுவரொட்டி ஒட்டினார்கள். காலையில் கதவைத் திறந்த சந்திரமதியை எதிர்ச்சுவரிலிருந்து ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளவென்ற நெற்றி, பால்கோவா நிறம், தலைக்குமேல் ஒரு குடை. சங்க ஆண்டுவிழாவுக்கு அவள் விருந்தாளியாகப் போனபோது அவளுக்குத் தெரியாமல் எடுத்த குழுப்படத்திலிருந்து அவள் தலையை மட்டும் வெட்டி எடுத்துத் தேய்த்திருந்தார்கள். அதே ஸ்டூடியோ.

“யாரக் கேட்டுச் செஞ்சீங்க?” என்று சங்கத்துக்கே போய்க் கேட்டாள்.

“அச்சாபீஸ்காரன் சொன்னான் மிஸ்ஸி. உள்ளத உள்ளபடி போட்டா மை அப்பிக்குமாம், பல்லு மட்டுந்தான் தெரியுமாம்” என்றார் கருணாகரன். “நாலு பேரு பாக்குற எடம். லட்சணமா இருந்தா நல்லதுதானே?”

“கிழிங்க எல்லாத்தையும்.”

“ஐநூறு ஒட்டியாச்சு! கலியாணசுந்தரம் மூஞ்சியே போடல, பாத்தீங்களா? பேரும் சைக்கிளுந்தான். படத்துல நாமதான் முந்திக்கிட்டோம்.”

அவள் வீட்டுக்கு வந்து எதிர்ச்சுவரைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள். போகட்டும், படம்தானே, தன் முகம் ஊருக்கே தெரியும் என்று தேற்றிக்கொண்டாள்.

ஓட்டுப் போடும் நாளன்று விடியற்காலையில் புக்கிட் பாருவிலிருந்து ஆள் வந்தது. குழந்தை கால் முன்னால் வருகிறதாம். வேலையை விட்டாயிற்று என்று வயிற்றுக்குள் இருப்பதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. போனாள். பிள்ளையும் தாயும் பிழைத்தார்கள். திரும்பும்போது ஓட்டுச்சாவடி மூடியிருந்தது. அவள் ஓட்டே அவளுக்கு விழவில்லை.

மறுநாள் முடிவு வந்தது. சைக்கிள் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு, குடை முந்நூற்று அறுபத்தொன்று. “தாய்க்குலம் ஆம்பளையத்தான் நம்புதுன்னு இன்னைக்கு நிரூபிச்சிருச்சு” என்று கலியாணசுந்தரம் மாலையோடு பேசினார். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்று சங்கம் தீர்மானம் போட்டது. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். இரண்டு பேரும் ஆண்கள்.

அடுத்த நாள் காலை சந்திரமதி வீட்டு வாசலில் ஒரே கும்பல். முன்னால் நின்றவள் பூங்காவனம், நாலு பிள்ளையும் மிஸ்ஸி கையில் பெற்றவள். கையில் மல்லிகை மாலை. பக்கத்தில் சிட்டி கம்பத்து நாகம்மா, இலையில் பலகாரத்தோடு.

“ஜெயிச்சிட்டீங்க மிஸ்ஸி!”

“யாரு சொன்னா?”

“சைக்கிள் ஜெயிச்சிருச்சுன்னு பாசாரே சொல்லுதே!”

“மிஸி சுடா மெனாங்!” என்று நாகம்மாவும் அதையே மலாயில் சொல்லி, இலையை நீட்டினாள்.

சந்திரமதிக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பூங்காவனம் விளங்க வைத்தாள்.

“எங்க வூட்டு ஆளு மூணு நாளா குடைக்குப் போடு, குடைக்குப் போடுன்னு உசுர வாங்கிருச்சு மிஸ்ஸி. சரி சரின்னு தலைய ஆட்டிட்டு, உள்ள போய் சைக்கிளுக்குத்தான் குத்துனேன். புருசன் பேச்ச நான் தட்டுனது இதான் மொத தடவ. எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான், கேட்டுப் பாருங்க! அந்தச் செவத்த மூஞ்சிக்காரியப் பாத்து ஆம்பளைங்க எல்லாம் சொக்கிட்டானுங்க. எந்த ஊர்க்காரியோ, அரிசிக்கடை முதலாளி கொண்டாந்து எறக்கியிருக்காரு. எங்க மிஸ்ஸிக்கு எதிரா நிக்க வந்துட்டா, குடையத் தூக்கிக்கிட்டு!”

கும்பல் கைதட்டியது. எழுத்துத் தெரியாத பெண்கள். தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாததைக் கண்டுபிடித்திருந்தார்கள். கறுப்பு மிஸ்ஸி நிற்கிறாள்; சுவரில் இருப்பவள் கறுப்பு இல்லை; மிஸ்ஸியிடம் இருப்பது சைக்கிள். இதில் எங்கே தப்பு என்று சந்திரமதியால் சொல்ல முடியவில்லை.

அவள் எதிர்ச்சுவருக்குப் போய்ச் சுவரொட்டியைப் பிய்த்தாள். ஒரு காதோரம் கிழிந்தது. அதைத் தன் முகத்தருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நல்லாப் பாரு பூங்காவனம். இது நான்தான்.”

பெண்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம். காப்பி மட்டும்தான் குறைச்சல்.

பூங்காவனம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “போங்க மிஸ்ஸி! ஜெயிச்ச குஷியில வெளையாடுறீங்க. இவ எங்க, நீங்க எங்க? இவ கையில ஒரு பிள்ளையாவது பொறந்திருக்குமா?”

சந்திரமதி காகிதத்தை இறக்கினாள். மாலை கழுத்தில் விழுந்தது.

“பாயிப் பீலா மாசோ, மிஸி?” என்று கேட்டாள் நாகம்மா. குழாய் எப்போது வரும்? செத்த மூன்றில் ஒன்று அவளுடைய பேரன்.

சந்திரமதி வாய் திறப்பதற்குள் நகரசபைப் பியூன் பாலன் வந்து நின்றான். காக்கிச்சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். மாலையைப் பார்த்ததும் அவனுக்குக் குழப்பம்.

“மிஸ்ஸி… ஆபீஸ்ல சைக்கிள வாங்கிட்டு வரச் சொன்னாங்க. பையும் சேத்துத்தான்.”

“பாத்தீங்களாடி!” என்று பூங்காவனம் கும்பலைப் பார்த்துக் கத்தினாள். “கவுன்சிலர் ஆயாச்சுல்ல, இனிமே மோட்டார் காடிதான் குடுப்பாங்க! சைக்கிள்ல போனா மரியாதையா இருக்குமா?”

கும்பல் மறுபடி கைதட்டியது. பாலன் தலையைக் குனிந்துகொண்டான். சந்திரமதி காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பையைத் திறந்து, உள்ளே கிடந்த தன் சொந்தக் கைக்குட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினாள்.

பாலன் ஏறிப் புறப்பட்டான். சந்து முனையில் மாடு ஒன்று குறுக்கே வர, மணியை அடித்தான். வாசலுக்கு வாசல் தலைகள் எட்டிப் பார்த்தன, யார் வீட்டில் பிரசவம் என்று.