வாடகைப் புருஷனுக்கு ஊசி

ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம். கர்ப்பிணி புருஷனோடு வந்தால் முதல் ஆளாகப் பார்ப்பார்கள். தனியாக வந்தால், வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசிதான். பல நாள் பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சட்டம் போட்ட புண்ணியவான்களுக்கு மீனவன் பெண்டாட்டி ஒருத்தியையும் தெரியாது போலிருக்கிறது. நிலா பெரிதாகி, படகு விளக்குக்கு மீன் வராத நாட்களில்தான் எங்கள் ஆண்கள் கரைக்கு வருவார்கள். மற்ற நாளில் புருஷனுக்கு எங்கே போவது? வாடகைக்குத்தான் பிடிக்க வேண்டும்.

சாமிசோன் பெண்டாட்டி ஃபலேசி பிடித்தது பிட்டோனியை. சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். சொந்தமாக ஒரு பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் உள்ளவன். கூலி ஒரு கூடை உசிப்பாக் கருவாடு. ஃபலேசிக்கு இது ஐந்தாம் மாதம். போன வருஷம் எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை மூச்சு விடாமலே பிறந்தது. இதையாவது உயிரோடு பார்க்க வேண்டும் என்ற ஒரே தவிப்பில்தான் அவள் பொய்ப் புருஷனோடு போய் உட்கார்ந்தாள்.

விரலில் குத்தி எடுத்த ரத்தத்தைச் சோதித்தார் நர்ஸ் நமோண்ட்வே. பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது.

"சிபிலிஸ் இது. மேகநோய்," என்றார். குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது. "போன பிள்ளை இதுலதான் போயிருக்கும். இப்ப ஊசி போட்டா இதைக் காப்பாத்திரலாம். திரும்பிப் படு."

இடுப்புக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஊசி. ஃபலேசி எழுந்து உட்காரவே வெகு நேரம் ஆனது.

"அடுத்து நீ வாய்யா. கால்சட்டையை இறக்கு."

பிட்டோனிக்கு முகம் செத்துவிட்டது. "அக்கா, நாற்காலியில உக்காந்தாப் போதும்னுதானே சொன்ன!" என்று ஃபலேசியின் காதில் முணுமுணுத்தான். பிறகு நர்ஸிடம், "சிஸ்டர், நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றான்.

"எல்லா ஆம்பிளையும் இதைத்தான் சொல்றான். உன்னை விட்டா இவளுக்குத் திரும்ப ஒட்டிக்கும், பிள்ளை போயிரும். பெட்டியில இருக்கிறது இந்த ஒரு குப்பிதான். அடுத்தது எப்ப வரும்னு கடவுளுக்கே தெரியாது."

பிட்டோனி இடுப்பு வாரை அவிழ்க்கத் தொடங்கினான். ஒப்புக்கொண்ட வேலையாயிற்றே என்று நினைத்தானோ என்னவோ. வாயைத் திறந்தால் இந்த நோயைச் சாமிசோனிடம் ஃபலேசிதான் சொல்லியாக வேண்டும். எங்கள் கரையில் அதன் பெயரை வீட்டுக்குள் முதலில் சொல்பவள்தான் அதைக் கொண்டுவந்தவள். பாயும் பானையும் வாசலுக்கு வந்துவிடும். வாயை மூடிக்கொண்டால் சாமிசோனின் மருந்து ஊரான் உடம்பில் ஏறிவிடும். நமோண்ட்வே குப்பியின் மூடியைக் கிள்ளினார்.

"அவரு என் புருஷன் இல்ல!"

வெளியே பெஞ்சில் பேச்சு நின்றது. பிறகு ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பிட்டோனி கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினான். நர்ஸ் திட்டவில்லை. ரோஸ் நிறச் சீட்டு ஒன்றை எழுதி நீட்டினார். "இதை உன் நிஜப் புருஷன் கையில குடு, அவனும் ஊசிக்கு வரணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் குப்பியை ஒளிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

மூன்று நாள் அந்தச் சீட்டு அவள் இடுப்புத் துணியில் கிடந்தது. மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வியாழக்கிழமை காலையில் சாமிசோன் வந்தான். அவன் மக்காச்சோளக் களியைத் தின்று கை கழுவும் வரை பொறுத்திருந்து, சீட்டைக் கொடுத்துவிட்டுக் கதவோரமாக நின்றுகொண்டாள். அடித்தால் ஓடுவதற்கு வசதியாக.

அவன் அடிக்கவில்லை. நோயை யாரிடம் வாங்கினாய் என்றும் கேட்கவில்லை. சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதே மாதிரி ஒண்ணு எனக்கும் குடுத்தாங்க," என்றான். "மீன் பிடிக்கப் போன தீவு முகாம்ல. ஊசி போட்டுட்டு, பொண்டாட்டிகிட்ட குடுன்னாங்க."

"எப்ப?"

"போன பிள்ளை உன் வயித்துல இருந்தப்ப."

"எனக்கு ஏன் குடுக்கல?"

"ஏரியில போட்டுட்டேன். நீ என்ன சொல்வியோன்னு பயமா இருந்துச்சு."

ஃபலேசிக்குக் கதறத் தோன்றியது. மூன்று நாளாக அவளைத் தின்றதும் அதே பயம்தான். ஆனாலும் அவள் சீட்டைக் கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நீங்க வரணும்," என்றாள் கடைசியில். "இப்ப உங்களுக்கும் திரும்ப ஒட்டியிருக்கும். ஊசி போட்டுக்கிட்டு, அப்புறம் என்னோட வந்து பிள்ளையைப் பொதைச்ச இடத்துல, சீட்டை ஏரியில போட்டதைச் சொல்லுங்க."